நாயின் பிரசவமும் குட்டிகளின் பராமரிப்பும்

நாய், பெரும்பாலும் பிறர் உதவியின்றியே குட்டிகளை ஈன்று, பிறர் உதவியின்றியே அவற்றைப் பேணி வளர்க்க வல்ல பிராணியாகும். ஆயினும் பிறக்கும் குட்டிகள் யாவும் பிழைப்பதில்லை. தாய்ப்பாலை மறக்கும் பருவத்திற்கு முன்னரே மாண்டு போகும் குட்டிகளுள் மிகப் பெரும்பாலானவை பிறந்த முதல் வாரத்திலேயே மாண்டு விடுகின்றன. பிறவிக் குறைகளால் நேரும் மரணங்களைத் தவிர்க்க இயலாது. குளிர், பசி, பிரசவத்தில் நேரும் தாமதம், காலங்கடந்த சிகிச்சை ஆகியவற்றால் நேரும் மரணங்களைப் பெரிதும் தவிர்க்கலாம். இதற்கு விலையுயர்ந்த சாதனங்கள் தேவையில்லை. உடல் வெப்பத்தை அளக்கும் வெப்பமானி, கடிகாரம், கிராம் கணக்கில் எடை காட்டும் தராசு என்னும் மூன்றும், அவை காட்டுவனவற்றை அவ்வப்போது குறித்து வைக்கும் ஒரு குறிப்பேடுமே போதும். ஈனுவதற்கு முன் வெப்பமானியும், ஈனும்போது கடிகாரமும், ஈன்ற பின் தராசும், எப்பொழுது பொறுத்திருக்கலாம், எப்பொழுது கால்நடை மருத்துவரை நாட வேண்டும் என்பதைத் தெளிவாக அறிவிக்கும்.

இந்தியாவில் இவ்விஷயம் வீட்டு நாய் வளர்ப்போருக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டின் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோள் ஆகிய இனங்கள் கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனத்தால் தனி இனங்களாகப் பதிவு செய்யப்பட்டுள்ளன. இத்தகைய நாட்டு இனங்களில் ஓர் ஈற்றுக் குட்டிகளை இழப்பது வளர்ப்பவரின் நஷ்டம் மட்டுமன்று. அந்த இனத்தின் மரபுச் செல்வத்திலும் அது ஒரு குறைவேயாகும்.

சினைக்காலமும் முன்னேற்பாடுகளும்

நாயின் சினைக்காலம் 63 நாள் எனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. முட்டைகள் சூலகத்திலிருந்து வெளிப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் இக்கணக்கு ஏறக்குறையச் சரியே. இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணினாலோ, 57 முதல் 72 நாள் வரை வேறுபாடு காணப்படும். இதற்குக் காரணங்கள் இரண்டு. ஆண் நாயின் விந்தணுக்கள் பெட்டையின் உடலினுள் ஏறக்குறைய ஒரு வாரம் வரை உயிருடன் இருக்க வல்லவை. மேலும், நாயின் முட்டைகள் வெளிப்பட்டவுடனே கருவுறும் பக்குவத்தை அடைவதில்லை. அதற்கு இன்னும் இரண்டு மூன்று நாள் செல்லும். ஆகவே, இணை சேர்ந்த தேதியை மட்டும் கொண்டு பிரசவ நாளைத் திட்டமாகக் கூற இயலாது. எனினும் அத்தேதியைக் குறித்து வைத்தல் அவசியம். 70 நாள் கடந்தும் ஈனாத பெட்டையை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

சினையுற்றிருப்பதை ஏறக்குறைய 25ஆம் நாளுக்குப் பின் மீயொலிக் கருவியால் உறுதி செய்யலாம். 55ஆம் நாளுக்குப் பின் எடுக்கப்படும் எக்ஸ்ரே படத்தில் குட்டிகளின் எலும்புகள் தெளிவாகத் தெரியுமாதலால், அவற்றின் எண்ணிக்கையைக் கணக்கிட முடியும். இந்த எண்ணிக்கை பிரசவ வேளையில் பெரிதும் பயன்படும். எத்தனை குட்டிகள் என்பதை அறியாதவர், நான்கு குட்டிகளுக்குப் பின் நாய் ஓய்ந்து படுத்திருப்பது பிரசவம் முடிந்ததாலா, அல்லது ஐந்தாவது குட்டி தடைப்பட்டு நிற்பதாலா என்பதை எளிதில் அறிய முடியாது.

ஈனுவதற்கு ஒரு வாரத்திற்கு முன்பே தகுந்த இடத்தை ஏற்பாடு செய்து, பெட்டையை அங்கு உறங்கப் பழக்குதல் நல்லது. அவ்விடம் மக்கள் நடமாட்டமும் பிற நாய்களின் தொல்லையும் இல்லாததாக, காற்றோட்டமுள்ளதாக, ஆனால் நேர்க் காற்று வீசாததாக இருத்தல் வேண்டும். பெட்டை கால்களை நன்கு நீட்டிப் படுக்கும் அளவுக்கு அகலமான மரப்பெட்டி போதும். பெட்டியின் உட்புறத்தில், பக்கப் பலகைகளிலிருந்து சிறிது தள்ளி, அடித்தளத்திலிருந்து சில அங்குல உயரத்தில், சுற்றிலும் ஒரு கழியைப் பொருத்துதல் வேண்டும். தாய் பலகையில் சாய்ந்து படுக்கும்போது இடையில் அகப்படும் குட்டி, கழியின் அடியிலுள்ள இடைவெளியால் நசுங்காமல் தப்பும். விரிப்பாகப் பழைய செய்தித்தாள்களையும் வெளுத்த பருத்தித் துணிகளையும் உபயோகிக்கலாம். நார் பிரியும் சாக்குகள் உகந்தவையல்ல. குட்டிகளின் கால்களில் நார் சுற்றிக்கொள்ளக் கூடும்.

பால் நன்கு சுரக்க வேண்டுமென்னும் எண்ணத்தில் சினைக்காலம் முழுவதும் கால்சியம் மாத்திரைகளைக் கொடுத்து வரும் வழக்கம் பலரிடம் உள்ளது. இது நன்மையைக் காட்டிலும் தீமையையே விளைவிக்கும். எலும்பிலுள்ள கால்சியத்தை வேண்டும்போது இரத்தத்திற்கு எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகளைச் சார்ந்தது. ஆகாரத்தில் தேவைக்கு மேல் கால்சியம் வந்துகொண்டேயிருந்தால் இச்சுரப்பிகளின் செயல் மந்தமடைகின்றது. பின்னர் பால் சுரந்து கால்சியத்தின் தேவை திடீரெனப் பெருகும்போது, அவற்றால் ஈடு கொடுக்க இயலாமற் போகின்றது. மருத்துவர் கூறினாலன்றிச் சினைக்காலத்தில் கால்சியம் கொடுத்தலாகாது. சரிவிகித உணவே போதுமானது.

வெப்பமானி காட்டும் அறிகுறி

ஆரோக்கியமான நாயின் உடல் வெப்பம், மலத்துவாரத்தில் அளக்கும்போது, சாதாரணமாக 38.3 முதல் 39.2 டிகிரி செல்ஷியஸ், அதாவது 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். சினையைக் காத்துவரும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன், பிரசவத்தை ஒட்டி விரைவாகக் குறைகின்றது. அதனுடன் உடல் வெப்பமும் தற்காலிகமாகத் தாழ்ந்து, 37.2 டிகிரி (99 டிகிரி பாரன்ஹீட்) அளவுக்கோ அதற்குக் கீழோ செல்கின்றது. இங்ஙனம் வெப்பம் தாழ்ந்ததிலிருந்து பெரும்பாலும் 24 மணி நேரத்திற்குள் பிரசவம் தொடங்கிவிடும்.

ஆகவே கடைசி வாரத்தில் காலை, மாலை இரு வேளையும், கூடுமாயின் மும்முறையும், குறித்த நேரத்தில் வெப்பத்தை அளந்து எழுதி வருதல் வேண்டும். வெப்பத் தாழ்வு சில மணி நேரமே நீடிக்குமாதலால், நாளுக்கு ஒருமுறை மட்டும் அளப்பவர் அதைக் காணாமலே போகலாம். வெப்பம் தாழ்ந்து ஒரு நாள் கழிந்தும் பிரசவ அறிகுறிகள் தோன்றாவிடின், அது மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டிய செய்தியாகும்.

பிரசவத்தின் மூன்று கட்டங்கள்

முதற் கட்டத்தில் கருப்பை சுருங்கத் தொடங்கும். கருப்பையின் வாய் நெகிழ்ந்து விரியும். இவை வெளியே புலப்படுவதில்லை. நாய் அமைதியின்றி உலாவுதல், மூச்சிரைத்தல், நடுங்குதல், விரிப்பைப் பறித்தல், உணவை மறுத்தல், சில வேளைகளில் வாந்தி எடுத்தல் ஆகியவையே வெளியில் காணும் அறிகுறிகள். இக்கட்டம் சாதாரணமாக 6 முதல் 12 மணி நேரம் வரையிலும், முதல் ஈற்றுப் பெட்டைகளில் 24 மணி நேரம் வரையிலும் நீடிக்கும். இச்சமயத்தில் பழகிய ஒருவர் அருகில் அமைதியாக இருத்தல் போதுமானது. கூட்டமும் கூச்சலும் நாயை அச்சுறுத்துவதுடன் பிரசவத்தையும் தாமதப்படுத்தும்.

இரண்டாம் கட்டத்தில் நாய் வயிற்றை இறுக்கி முக்குவது கண்கூடாகத் தெரியும். பனிக்குடம் வெளிப்பட்டு, அதைத் தொடர்ந்து குட்டி வெளிவரும். தலை முன்னே வருவதும் பின்னங்கால்கள் முன்னே வருவதும் நாய்க்கு இயல்பானவையே. ஏறத்தாழ ஐந்தில் இரண்டு குட்டிகள் பின்புறமாகவே பிறக்கின்றன. இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கால்கள் மடங்கி, பிட்டமும் வாலும் மட்டும் முன்னே வருவதே அபாயகரமானது.

நச்சுக்கொடி வெளியேறுவது மூன்றாம் கட்டம். பல குட்டிகளை ஈனும் பிராணியாதலால், நாயில் இரண்டாம் மூன்றாம் கட்டங்கள் மாறி மாறி நிகழ்கின்றன. ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நச்சுக்கொடி உண்டு. வெளியேறுபவற்றை எண்ணிக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். தாய் அவற்றைத் தின்பது இயல்பு. ஆயினும் பலவற்றைத் தின்றால் வாந்தியும் பேதியும் உண்டாகலாமாகையால், ஒன்றிரண்டுக்கு மேற்பட்டவற்றை அப்புறப்படுத்துவது நல்லது.

கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய நேரம்

குட்டிகள் பொதுவாக அரை மணி முதல் ஒரு மணி நேர இடைவெளியில் பிறக்கும். இடையில் நாய் முக்காமல் அமைதியாக ஓய்வெடுப்பதும் உண்டு. அந்த ஓய்வு இரண்டு மணி நேரம் வரை நீடித்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஓய்வும் தடையும் ஒன்றல்ல. கீழ்க்காணும் நிலைகளில் காத்திருப்பது தாயின் உயிருக்கும் குட்டிகளின் உயிருக்கும் ஆபத்தாகும்:

முதலாவது, நாய் பலமாக இடைவிடாது முக்கியும் 20 முதல் 30 நிமிடத்திற்குள் குட்டி வெளிவராமை. இரண்டாவது, வயிற்றில் குட்டிகள் எஞ்சியிருக்க, விட்டு விட்டு மெல்ல முக்கியும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஒன்றும் பிறவாமை. மூன்றாவது, முக்கலே இன்றி நான்கு மணி நேரத்திற்கு மேல் ஓய்ந்திருத்தல். நான்காவது, முதற்குட்டி பிறக்கும் முன்னரே கரும்பச்சை நிற நீர் வடிதல். இந்நிறம் நச்சுக்கொடியின் விளிம்பிலுள்ள நிறப்பொருளால் உண்டாவது. நச்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரியத் தொடங்கிவிட்டது, குட்டிக்குப் பிராணவாயு குறைகின்றது என்பதற்கு அது அடையாளம். முதற்குட்டி பிறந்த பின் இதே நிறம் காணப்படுவது இயல்பானதே. ஐந்தாவது, மிகுந்த இரத்தப்போக்கு, மயக்கம், கடும் சோர்வு.

குட்டி பாதி வெளிவந்து நின்றுவிட்டால் மட்டும், மருத்துவர் வரும்வரை காத்திராமல் உதவலாம். தூய துணியால் குட்டியின் உடலைப் பற்றி, தாய் முக்கும்போது மட்டும், கீழ்நோக்கிச் சாய்ந்த திசையில் மெல்ல இழுத்தல் வேண்டும். தலையையோ ஒற்றைக் காலையோ பற்றி இழுத்தலாகாது.

கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் ஊசியை மருத்துவரின் பரிசோதனையின்றி வீட்டிலேயே போடுவது பெரும் தவறாகும். வழி அடைபட்டிருக்கையில் கருப்பையைப் பலமாகச் சுருங்கச் செய்தால் அது கிழிந்துபோகக் கூடும். புல்டாக், பக் போன்ற தட்டை முக இனங்களில் குட்டிகளின் தலை பெரிதாயும் தாயின் இடுப்பு வழி குறுகலாயும் இருப்பதால், அறுவைச் சிகிச்சை அடிக்கடி தேவைப்படுகின்றது. ஒரே குட்டியைச் சுமக்கும் பெட்டைகளிலும் தொல்லை ஏற்படலாம். தனிக் குட்டி மிகப் பெரிதாக வளர்ந்துவிடும், அன்றியும் பிரசவத்தைத் தொடங்கி வைக்கும் தூண்டுதல் போதாமற் போகும். இத்தகைய நாய்களை வளர்ப்போர் அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையை முன்கூட்டியே அறிந்து வைத்தல் வேண்டும்.

பிறந்தவுடன் செய்ய வேண்டியவை

பிறந்த குட்டியைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வைத் தாய் தன் பற்களால் கிழித்து, குட்டியை நக்கிச் சுத்தம் செய்து, கொப்பூழ்க்கொடியைக் கடித்துத் துண்டிக்கும். தாயின் நாக்கு உராய்வதே குட்டியின் சுவாசத்தைத் தூண்டும் முதற் சிகிச்சை. தாய் இவற்றைச் செய்யும்போது குறுக்கிடலாகாது. ஒரு நிமிடத்திற்குள் தாய் சவ்வைக் கிழிக்காவிடின், அருகிலிருப்பவர் கைகளைக் கழுவிக்கொண்டு, குட்டியின் முகத்தருகே அதைக் கிழித்து நீக்குதல் வேண்டும்.

பின்னர் குட்டியின் தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, வாயிலும் மூக்கிலும் உள்ள நீரைத் துணியால் துடைத்து, அல்லது சிறு ரப்பர்க் குமிழால் உறிஞ்சி அகற்றி, உலர்ந்த துவாலையால் முதுகையும் மார்பையும் சுறுசுறுப்பாகத் தேய்த்தல் வேண்டும். முன்னாட்களில், குட்டியைக் கையிற்பற்றித் தலைகீழாக வீசி ஆட்டினால் நுரையீரலிலுள்ள நீர் வெளிவரும் எனக் கருதி அவ்வாறு செய்து வந்தனர். அவ்வீச்சினால் மூளையில் இரத்தக்கசிவு நேரக்கூடும். குட்டி கைநழுவி விழவும் கூடும். ஆகையால் அம்முறை இப்பொழுது கைவிடப்பட்டுள்ளது. தேய்த்தலே போதும். மார்பை இரு விரல்களுக்கிடையே பிடித்தால் இதயத் துடிப்பை உணரலாம். துடிப்பு உள்ளவரை முயற்சியைக் கைவிடலாகாது.

கொப்பூழ்க்கொடியைத் துண்டிக்க நேர்ந்தால், குட்டியின் வயிற்றிலிருந்து ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, சுத்தமான நூலால் இறுகக் கட்டி, கட்டுக்கு அப்பால் வெட்டுதல் வேண்டும். அயோடின் கலந்த கிருமிநாசினியில் வெட்டுமுனையை நனைத்தால், அவ்வழியே கிருமிகள் நுழையா. உடனே குட்டியைத் தாயின் முலைக்காம்பருகே விட வேண்டும். குட்டி சப்புவதால் தாயின் உடலில் இயல்பாகவே ஆக்ஸிடோசின் சுரந்து, அடுத்த குட்டியின் பிறப்புக்கும் துணை செய்கின்றது.

குளிரே முதற் பகை

புதிதாய்ப் பிறந்த நாய்க்குட்டியால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாது. முதல் வாரத்தில் அதற்கு நடுங்கும் திறனே இல்லை. தோலின் அடியில் கொழுப்பு மிகக் குறைவு. கல்லீரலில் சேமிக்கப்பட்டுள்ள சர்க்கரைப் பொருளும் சில மணி நேரத்திற்கே போதுமானது. எடையை நோக்க உடலின் மேற்பரப்பு மிகுதியாதலால், வெப்பம் விரைவில் வெளியேறுகின்றது. முதல் வாரத்தில் அதன் இயல்பான உடல் வெப்பமே 35 முதல் 37.2 டிகிரி வரைதான். நான்கு வாரம் நிறையும்போதுதான் அது வளர்ந்த நாயின் அளவை எட்டுகின்றது.

உடல் வெப்பம் 34 டிகிரி அளவுக்குத் தாழ்ந்த குட்டியிடம் ஒன்றன்பின் ஒன்றாகப் பல மாறுதல்கள் நிகழ்கின்றன. சப்பும் ஆற்றல் குன்றுகின்றது. இதயத் துடிப்பு மந்தமாகின்றது. குடலின் இயக்கம் நின்றுவிடுகின்றது. குளிர்ந்த குட்டியைத் தாயும் ஒதுக்கித் தள்ளுகின்றது. இந்நிலையில் இரக்கங்கொண்டு அதன் வாயில் பாலைப் புகட்டுவதே பலர் செய்யும் தவறு. இயங்காத குடலில் அப்பால் ஜீரணமாகாமல் தங்கி நொதிக்கும். விழுங்கும் ஆற்றலற்ற குட்டியின் நுரையீரலிலும் புகுந்துவிடும். முதலில் வெப்பம், அதன் பின்னரே பால் என்பதே விதி. வெப்பத்தையும் திடீரென ஏற்றலாகாது. துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியின் அருகிலோ, மனித உடலோடு அணைத்தோ, ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் படிப்படியாகச் சூடேற்றுதல் வேண்டும்.

நாய்க்குட்டிகளைத் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸும் இவ்விதியின் முக்கியத்தை உணர்த்துகின்றது. 1965ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இவ்வைரஸ், வளர்ந்த நாய்களுக்குப் பெருந்தீங்கு விளைப்பதில்லை. மூன்று வாரம் நிறையாத குட்டிகளையோ சில நாட்களில் கொன்றுவிடுகின்றது. வளர்ந்த நாயின் உடல் வெப்பத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே அது நன்கு பெருகுவது இதற்கு ஒரு காரணம். குளிர்ந்துபோன குட்டியின் உடல் அதற்கு ஏற்ற இடமாக அமைந்துவிடுகின்றது.

முதல் வாரத்தில் குட்டிகள் கிடக்கும் இடத்தில் 29 முதல் 32 டிகிரி வெப்பம் இருத்தல் வேண்டும். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் 27 டிகிரி அளவும், நான்காம் வாரத்தில் 24 டிகிரி அளவும் போதுமானவை. விளக்கு முதலிய வெப்ப சாதனங்களைப் பெட்டியின் ஒரு புறத்தில் மட்டும் அமைத்தால், வெம்மை மிகும்போது குட்டிகள் மறுபுறம் நகர்ந்துகொள்ளும். குட்டிகளின் நிலையே சிறந்த அளவுகோல். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து முனகினால் குளிர் என்றும், தனித்தனியே விலகி மூச்சிரைத்தால் வெம்மை என்றும் அறியலாம்.

இந்தியாவின் தட்பவெப்ப நிலை இடத்திற்கு இடம் பெரிதும் வேறுபடுகின்றது. வட இந்தியச் சமவெளியில் குளிர்கால இரவுகளில் வெப்பம் 5 டிகிரி அளவுக்கும் தாழ்வதுண்டு. அங்கே சூடேற்றாத அறையில் குட்டிகள் பிழைப்பது அரிது. மே, ஜூன் மாதங்களில் 40 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் விளக்கு வைப்பதும் அதே அளவு தீங்கானது. கோடையில் தாய்க்கு நிழலும் காற்றோட்டமும் எந்நேரமும் குடிநீரும் வேண்டும். வெம்மை தாளாத தாய், குட்டிகளை விட்டு விலகிச் சென்றுவிடும்.

குட்டிகளின் உயிர் எத்தனை நிலையற்றது என்பதைத் தெருநாய்களிடம் காணலாம். மேற்கு வங்கத்தில் தெருநாய்கள் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே ஈனுகின்றன. கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகள் கவனிக்கப்பட்டன. அவற்றுள் இனப்பெருக்கப் பருவத்தை எட்டியவை ஏறத்தாழ 19 விழுக்காடே. இறப்புகளில் பாதிக்கு மேற்பட்டவை மனிதரின் செய்கையோடு தொடர்புடையவை. தெருவில் ஈன்ற தாயிடமிருந்து குட்டிகளை இரக்கத்தால் பிரித்து எடுத்துச் செல்வது அவற்றுக்கு நன்மையாகாது. தாய்க்கு உணவும், படுக்குமிடத்தில் சாக்குப்படுதாவால் ஒரு மறைப்பும் அளிப்பதே உண்மையான உதவி.

சீம்பாலும் தராசும்

மனிதக் குழந்தை பிறக்கும்போதே தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்களைப் பெருமளவில் பெற்றுப் பிறக்கின்றது. நாயின் நச்சுக்கொடி அவற்றை மிகக் குறைந்த அளவிலேயே கடத்துகின்றது. எஞ்சிய பெரும் பகுதியைக் குட்டி சீம்பாலிலிருந்தே பெற்றாக வேண்டும். அப்பொருள்களை முழுமையாக உட்கொள்ளும் ஆற்றல் குட்டியின் குடலுக்கு முதல் சில மணி நேரமே நன்கு அமைந்துள்ளது. 24 மணி நேரத்தில் அது ஏறக்குறைய முற்றிலும் மறைந்துவிடும். ஆகவே முதல் எட்டு மணி நேரத்திற்குள் ஒவ்வொரு குட்டியும் பால் குடித்ததா என்பதை உறுதி செய்தல் வேண்டும். மெலிந்த குட்டியைப் பால் மிகுதியாகச் சுரக்கும் பின்புறக் காம்புகளில் தனியே விட்டுக் குடிக்கச் செய்யலாம்.

குட்டி பால் போதிய அளவு குடிக்கின்றதா என்பதைக் கண்ணால் மட்டும் மதிப்பிட இயலாது. அதற்கே தராசு வேண்டும். சிறிய இனங்களின் குட்டிகள் பிறக்கும்போது 100 முதல் 200 கிராமும், நடுத்தர இனங்களின் குட்டிகள் 200 முதல் 300 கிராமும், பெரிய இனங்களின் குட்டிகள் 400 முதல் 500 கிராமும் இருக்கும். முதல் நாளில் எடை சற்றுக் குறையலாம். அதன் பின் நாள்தோறும் உயர்ந்து, 7 முதல் 10 நாளுக்குள் பிறப்பெடை இரு மடங்காதல் வேண்டும். ஒவ்வொரு குட்டிக்கும் வெவ்வேறு நிற நூலால் தளர்வாக அடையாளம் கட்டி, தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வருதல் நல்லது. குட்டி வளர வளர அந்நூலை மாற்றிக் கட்ட வேண்டும். பிறப்பெடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலும், ஒரு நாள் முழுவதும் எடை கூடாதிருந்தாலும், குட்டி நோயுற்றதெனக் கொள்ள வேண்டும். அழுகை, சோர்வு முதலிய அறிகுறிகள் தோன்றுவதற்கு முன்னரே தராசு இதைத் தெரிவித்துவிடும். சிகிச்சைக்குக் கிடைக்கும் அவகாசம் அதுவே.

உறங்கும் குட்டியின் உடல் அவ்வப்போது வெட்டி வெட்டித் துடிப்பதைக் கண்டு வலிப்பு என அஞ்ச வேண்டாம். அது தசைகள் வலுப்பெறுவதற்கான இயல்பான அசைவு. அசைவற்றுக் கிடக்கும் குட்டியே கவலைக்குரியது.

தாயற்ற குட்டிகள்

தாய் இறந்தாலோ, பால் சுரவாவிட்டாலோ, செயற்கையாக ஊட்ட நேரும். நாயின் பாலில் ஏறக்குறைய 7 முதல் 8 விழுக்காடு புரதமும் 9 விழுக்காடு கொழுப்பும் உள்ளன. பசுவின் பாலில் இவை இரண்டும் அதிற்பாதி அளவும் இல்லை, பாற்சர்க்கரையோ மிகுதி. ஆகவே பசும்பால் மட்டும் குடிக்கும் குட்டி மெலிந்து போகும்; பேதியும் உண்டாகும். பசும்பாலில் நீர் கலந்து கொடுப்பது அக்குறையை மேலும் பெருக்குவதேயாகும். நாய்க்குட்டிகளுக்கெனத் தயாரிக்கப்படும் பால்மாவே உகந்தது. அதை உடல் வெப்பத்தின் அளவுக்கு, அதாவது 38 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை ஊட்டுதல் வேண்டும்.

ஊட்டும்போது குட்டி குப்புறப் படுத்த நிலையில், தலை சற்று உயர்ந்திருத்தல் வேண்டும். குழந்தையைப் போல் மல்லாத்தி ஊட்டினால் பால் நுரையீரலில் புகும். முதல் மூன்று வாரம் வரை குட்டிகள் தாமாகவே மலசலம் கழிப்பதில்லை. தாய் நக்குவதே அவற்றைத் தூண்டுகின்றது. தாயற்ற குட்டிகளுக்கு, ஒவ்வொரு முறை ஊட்டும்போதும், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அவ்விடத்தை மெல்லத் தடவிவிட வேண்டும். இதை அறியாமையால் மாண்ட குட்டிகள் பல.

தாயின் நலம்

பால் கொடுக்கும் நாய்க்குச் சாதாரண அளவைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை உணவு தேவைப்படும். மூன்றாம் நான்காம் வாரங்களில் இத்தேவை உச்சத்தை அடையும். ஈன்ற பின் பத்தியம் என்னும் பெயரால் உணவைக் குறைப்பது தாய்க்கும் குட்டிகளுக்கும் ஒருங்கே கேடு விளைக்கும். பிறப்புறுப்பிலிருந்து மூன்று வாரம் வரை செம்பழுப்பு நிறக் கசிவு இருப்பது இயல்பு. அது துர்நாற்றம் வீசினாலும், தாய்க்குக் காய்ச்சல் கண்டாலும், முலைகள் வீங்கிச் சிவந்து கடினமானாலும், உடனே சிகிச்சை அவசியம்.

ஈன்ற இரண்டு முதல் நான்கு வாரங்களில், முக்கியமாகப் பல குட்டிகளை ஈன்ற சிறிய இனப் பெட்டைகளில், இரத்தத்திலுள்ள கால்சியம் அபாயகரமான அளவுக்குக் குறைவதுண்டு. மூச்சிரைத்தல், அமைதியின்மை, கால்கள் விறைத்துத் தள்ளாடுதல், தசைநடுக்கம், கடுங்காய்ச்சல், இறுதியில் வலிப்பு என இந்நோய் சில மணி நேரத்திலேயே முற்றிவிடும். குட்டிகளை உடனே விலக்கிவிட்டு, தாயைத் தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். மருத்துவர் இரத்தக் குழாய் வழியே மெதுவாகச் செலுத்தும் கால்சியம் விரைந்து குணம் அளிக்கும்.

மூன்று வாரத்திற்குப் பின்

குட்டிகளின் கண்கள் 10 முதல் 14 நாளுக்குள் திறக்கும். அவற்றை விரலால் திறக்க முயலலாகாது. ஏறக்குறைய அதே சமயத்தில் காது துவாரங்களும் திறக்கும். மூன்று வாரத்தில் நிற்கவும் நடக்கவும் தொடங்கும். மூன்று நான்கு வாரங்களில் மென்மையான கூழ் உணவைப் பழக்கி, ஏழு எட்டு வாரங்களில் பாலை மறக்கச் செய்யலாம்.

நாயின் உருண்டைப் புழுக்கள் தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிகளின் உடலில் புகுந்துவிடுகின்றன. தாய்ப்பாலின் வழியாகவும் செல்கின்றன. ஆகவே இரண்டாம் வாரத்திலிருந்து இரு வாரத்திற்கு ஒருமுறை புழு நீக்கும் மருந்து கொடுத்தல் வேண்டும். தாய்க்கும் அதே சமயத்தில் கொடுத்தல் வேண்டும். இப்புழுவின் முட்டைகள் மண்ணின் வழியே குழந்தைகளையும் பற்றுமாதலால், இது குடும்பத்தின் நலத்தையும் சார்ந்தது. டிஸ்டெம்பர், பார்வோ ஆகிய நோய்களுக்கான தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை மருத்துவர் கூறும் இடைவெளியில் தொடர்ந்து போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதில் தவறாது போடுதல் வேண்டும்.

2017ஆம் ஆண்டில் மத்திய அரசு பிறப்பித்த நாய் இனவிருத்தி மற்றும் விற்பனை விதிகளின்படி, எட்டு வாரம் நிறையாத குட்டிகளை விற்பனை செய்தலாகாது. தாயிடமிருந்தும் உடன்பிறந்த குட்டிகளிடமிருந்தும் குட்டி பெறும் பழக்கங்கள் அவ்வயதுக்குள்ளேயே உருவாகின்றன என்பதே இதன் அடிப்படை. எட்டு வாரம் நிறைந்து வேறு வீட்டிற்குச் செல்லும் குட்டியுடன், அதன் பிறந்த தேதி, வாரந்தோறும் கண்ட எடை, புழு நீக்கிய நாட்கள், போடப்பட்ட தடுப்பூசிகள் ஆகியவற்றைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்தெழுதிக் கொடுத்தல் வேண்டும். அதைப் பெற்றுக்கொள்பவருக்கும், பின்னர் அக்குட்டியைப் பரிசோதிக்கும் மருத்துவருக்கும் அக்குறிப்பு பெரிதும் பயன்படும்.